தலைப்பிரசவத்துக்குப் போன ஊர்

இங்கே கொச்சி மட்டாஞ்சேரியில் பெண் பார்க்க வருகிறவர்கள், பெண் நர்ஸுக்குப் படித்தவளா என்று ஆவலாக விசாரிக்கிறார்கள். சாத்தூர்ப் பக்கம் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நம் சனங்கள் அந்த வேலை என்றாலே முகம் சுளிப்பார்களே. இங்கே நர்ஸ் என்றால் குவைத், ஜெர்மனி, ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடி வீடு. எங்கள் சந்திலேயே மூன்று பெண்கள் போய்விட்டார்கள். ஆனால் பக்கத்து ஆஸ்பத்திரி வார்டில் நாற்பது கட்டிலுக்கு ஒரே ஒரு நர்ஸ்.

மிளகுக் கிடங்கில் மூட்டை தைக்கும் என் கணவர் மஞ்சள் காமாலையில் படுத்தபோதுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். குளுக்கோஸ் தீரும்போது கூப்பிடச் சொல்லிவிட்டு ஏலியம்மா சிஸ்டர் அடுத்த கட்டிலுக்கு ஓடுவார். என் மூத்தவள் செல்வி எங்கள் பாட்டிலோடு அந்த வரிசை முழுவதையும் பார்த்துக்கொண்டாள். "மோளே, நீ நர்ஸிங்குக்குச் சேரணும் கேட்டோ" என்றார் சிஸ்டர். அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. மார்க்கும் இருந்தது. சர்க்கார் நர்ஸிங் பள்ளியில் மட்டும்தான் எங்களால் படிக்கவைக்க முடியும்.

அதற்கு இந்த ஊர்க்காரி என்று சான்றிதழ் வேண்டும். வில்லேஜ் ஆபீசரிடம் போனோம். நான் அத்தாட்சிக்கு ரேஷன் கார்டை நீட்டினேன். அரிசி வாங்க வந்தேன் என்று நினைத்து கடைக்கு வழி சொன்னார். விளக்கிச் சொன்னதும் பிறப்புச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஜனிச்சது தமிழ்நாட்டிலல்லே? அவிடெப் போய் வாங்கிக்கோ" என்றார்.

செல்வி வயிற்றில் இருந்தபோது, நடந்துபோகும் தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று என் கணவர் எவ்வளவோ சொன்னார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். வளைகாப்பு முடிந்து சாத்தூர் போனவள், மூன்று மாதக் குழந்தையோடுதான் திரும்பினேன். அந்த மூன்று மாதம் தவிர அவள் வளர்ந்ததும் படித்ததும் எல்லாம் இங்கேதான்.

சாத்தூருக்கும் போனோம். தாலுகா ஆபீசில் அவள் கைப்பட மனு எழுதித் தரச் சொன்னார்கள். செல்விக்குத் தமிழ் எழுத வராது; மலையாளத்தில் எழுதி நீட்டினாள். "இது யாருக்கும்மா புரியும்? இங்க ஒரு நாளாவது பள்ளிக்கூடம் போயிருக்காளா?" என்றார் கிளார்க். நாங்கள் திரும்பி வருவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிட்டது. ஏலியம்மா சிஸ்டரும் அந்த வருஷமே குவைத் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை.

மூன்று வருஷம் கழித்துச் செல்வியை சாத்தூரிலேயே என் அண்ணன் மகனுக்குக் கொடுத்தோம். இப்போது ஏழாம் மாதம். அவளை அழைத்துவர வளையலும் புடவையும் வாங்கிவைத்திருந்தேன். நேற்று அவளிடமிருந்து மலையாளத்தில் கடிதம் வந்தது. அடுத்த வீட்டு ரோஸி வாசித்தாள்.

"அம்மா, என்னைக் கூட்டிக்கொண்டு போக வரவேண்டா. என் பிள்ளை இங்கேயே பிறக்கட்டும்."

அவ்வளவுதான் எழுதியிருக்கிறாளா என்று கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். என் மகளின் எழுத்தில் ஒன்றுகூட எனக்குப் படிக்கத் தெரியவில்லை.