தாள் நிறைந்த வீடு

அளவுத்திட்டம் என்ற பாடத்தை டீச்சர் எனக்குக் கரும்பலகையில்தான் படிப்பித்தார். ஆனால் அது விளங்கியது ஒரு பெருநாள் பகலில், ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சோற்றுச் சஹனுக்கு முன்னால்.

பிள்ளைகளே, அப்போது நாங்கள் தில்லையடியில் இருந்தோம். ஓர் அறை, ஒரு குசினி, சுற்றிவரத் தென்னோலைக் கிடுகு வேலி. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த வாப்பாவும் உம்மாவும் கட்டிய வீடு அது. நான் அங்கே பிறந்தவன். வேறு வீடு எனக்குத் தெரியாது.

ஒருநாள் டீச்சர், அவரவர் வீட்டைக் காலடியால் அளந்து படமாகக் கீறி வரச் சொன்னார். தாள் நிறைய வர வேண்டும். ஒரு காலடிக்குத் தாளில் எவ்வளவு என்பதை மூலையில் எழுத வேண்டும். நான் ஒரு காலடிக்கு ஒரு பெருவிரல் அகலம் வைத்தேன். தாள் நிறைந்துவிட்டது. என் கூட்டாளி வெங்காயத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. அவன் ஒரு காலடிக்கு ஓர் அரிசியின் நீளம் வைத்திருந்தான். அவனுடைய தாளும் நிறைந்திருந்தது. மூலையில் எழுதியதோடு சரி, அதை நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பிடித்தேன். என் வீடு ஒரு நூல் பெரிதாகவே இருந்தது.

"உன்ட வீட்ட விட எங்கட வீடு பெரிசு" என்றேன்.

"சும்மா பெரும கதைக்காத. அப்படியெண்டா பெருநாளைக்கு எங்க எல்லாரையும் சோத்துக்குக் கூப்பிடு பாப்பம்."

"ஓம், வாங்க. அரை வகுப்பும் வாங்க!"

இதை உம்மாவிடம் பெருநாள் காலையில்தான் சொன்னேன். அகப்பையோடு திரும்பினார்.

"அரை வகுப்பா? எங்க இருத்துற, உன்ட தாள்லயா?"

கூப்பிட்ட பிள்ளைகளை வராதே என்று சொல்ல முடியுமா? இறைச்சிக் கறியில் உருளைக்கிழங்கு கூடியது. பக்கத்து வீட்டு மாமியும் மன்னார்க்காரர்தான். அவர் தன் சோற்றுப் பானையை அப்படியே தூக்கி வந்தார்.

கூட்டாளிமார் வந்தார்கள். அறைக்குள் ஒரு சஹனை வைத்து, அதைச் சுற்றி ஆறு பேர் இருந்ததும் முதுகில் சுவர் முட்டியது. மற்றவர்கள் வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். தாளில் இவ்வளவு இடம் இருந்ததே, அது எங்கே போனது? எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாப்பா மாமி வீட்டுப் பக்கக் கிடுகு வேலியைக் கழற்றினார். இரண்டு முற்றமும் ஒன்றானது. பாய்கள் விரிந்தன, சஹன்கள் இறங்கின.

சாப்பிட்டு விரலை நக்கிக்கொண்டே என் கூட்டாளி சுற்றிப் பார்த்தான்.

"சோறு நல்லம். வீடு எங்கடா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஓடிப்போய் என் படத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். அவன் படத்திலிருந்த வாசலில் விரலை வைத்தான்.

"உன்ட வாசல் ரெண்டு விரல் அகலம். என்ட தாள்ல எங்கட வாசலால எறும்புதான் போகும். ஆனா நேரில உங்கட வாசலால நான் ஒடுங்கித்தானேடா வந்த!"

அப்போதுதான் மூலையைப் பார்த்தோம். எனக்குப் பெருவிரல்; வீட்டில் இருந்த அவனுடைய தாளில் அரிசி. விளங்கிவிட்டது. சஹன் கழுவிக்கொண்டிருந்த வாப்பாவிடம் போனேன்.

"அப்ப எங்கட வீடு சின்னனா வாப்பா?"

வாப்பா கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

"இந்த வீடு சின்னந்தான். மன்னார் வீட்டக் காட்டுறன், வா."

முற்றத்தில் காலடி வைத்து நடக்கத் தொடங்கினார். நாங்கள் எல்லாரும் வால்போலப் பின்னால் போனோம். "இது விறாந்தை. இது ஹோல். இதில திரும்பினா அறை." வேலி இருந்த இடத்தையும் தாண்டி நடந்து, மாமியின் கோழிக்கூட்டில் முட்டிக்கொண்டு நின்றார்.

"நானா, கோழிக்கூட்டுக்குள்ள என்ன தேடுறீங்க?" என்றார் மாமி. வாப்பாவை அவர் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"குசினிக்குப் போறன் தங்கச்சி."

பொடியன்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். பிறகு கையிலிருந்த பானையைக் கீழே வைத்துவிட்டு, தன் படலையடியிலிருந்து அவரும் காலடி வைத்து வந்தார்.

"எங்கட விறாந்தை உங்கட ஹோலுக்குள்ளால வருது நானா!"

"வரட்டும் வரட்டும், கதவத் திறந்துதான் வெச்சிருக்கம்."

பெரியவர்கள் இப்படி விளையாடி நான் கண்டது அன்றுதான். உம்மா மட்டும் ஈரக் கையோடு குசினி வாசலில் நின்றார். "அறை இன்னும் ரெண்டு காலடி கூட" என்றார். வாப்பா திரும்பி வந்து அந்த இரண்டு காலடியையும் வைத்தார்.

"வாப்பா, இது என்ன அளவுத்திட்டம்?" என்று கேட்டேன்.

"ஒரு காலடிக்கு ஒரு காலடிதான் மகன்."

கூட்டாளிமாருக்கு முன்னால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. படம் என்றால் இடத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதானே நன்றாக விளங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற கூட்டாளியின் காதில் மெதுவாகச் சொன்னேன்:

"வாப்பாக்குப் படம் கீறத் தெரியாது."