பம்பு செட்டுத் தொட்டியில் பார்த்த கடல்

இன்று காலை மகள் லீவுக்கு டிக்கெட் போட உட்கார்ந்தாள்.

"அம்மா, தண்ணிக்குள்ள மீன் பாக்கறதுக்கு அந்தமான் போலாமா, லட்சத்தீவா? நீயே சொல்லு."

இதே கேள்விக்கு நான் ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறேன். எண்பதுகளில், செலியமேட்டில், கல்யாணமாகிப் பதினெட்டாம் நாள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரைப் போல, அவள் அப்பாவும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். லீவு முடிய இரண்டே நாள். பெட்டியிலிருந்து இரண்டு கண்ணாடி முகமூடிகளை மூச்சுக்குழாயோடு எடுத்தார்.

"மூர்த்திக்குப்பமா, நரம்பையா? எந்தக் கடலுக்குப் போலாம்?"

புதுப்பெண் ஊர் பார்க்க ஈரப் புடவையோடு கரையேறுவதா? "நம்ம பம்பு செட்டுத் தொட்டிக்கே போலாங்க. அதுலதான் தண்ணி தெளிவா இருக்கும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே வந்தார். கரும்புக்கு நடுவே, இடுப்பளவு தண்ணீரில், இருவரும் முகமூடியோடு முகத்தை முக்கினோம். எனக்குப் பாசி தெரிந்தது. அவருக்கு என் கொலுசு தெரிந்ததாம்.

"அடுத்த லீவுல கடலுதான். தொட்டின்னு சொன்னா வுடமாட்டேன்" என்றார்.

அடுத்த லீவுக்கு அவர் வரவில்லை, தந்திதான் வந்தது. மகள் அப்போது ஏழு மாதம், என் வயிற்றில். அப்பாவை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

"இன்னாம்மா, சொல்லேன்" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்தமானா, லட்சத்தீவா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அந்தச் சாக்கை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.