பிஸ்கட் டப்பாவின் தீக்குச்சி

அம்மா பழைய கம்ப்யூட்டர்களில் பிழை பிடித்தவர். புரோகிராம் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நினைவகத்தில் எழுதினாலும் அந்த இயந்திரங்கள் மூச்சே விடாது. அதனால் அம்மா ஒவ்வொரு இடத்தின் ஓரத்திலும் ஓர் எண்ணைக் காவல் வைப்பார். எண் மாறியிருந்தால் அத்துமீறல் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டிலும் அதே முறைதான். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பிஸ்கட் டப்பா மூடியின்மேல் ஒரு தீக்குச்சி இருக்கும்.

"என்னங்க, டப்பாவைத் தொட்டீங்களா?"

"எலியா இருக்கும்."

"எலி குச்சிய எடுத்த எடத்துலயே வச்சிருக்கு, பாவம். தலைமாத்தி வச்சிருச்சு!"

அம்மா இறந்து ஒரு மாதம் ஆகிறது. இன்று அப்பா டப்பாவைத் திறக்கவில்லை. குச்சியை மட்டும் தலைமாற்றி வைத்துவிட்டு, அங்கேயே நின்றார்.

கடைசியில் நான்தான் கேட்டேன். "அப்பா, டப்பாவைத் தொட்டீங்களா?"

"எலியா இருக்கும்" என்றார்.