காய வைத்த படகு

விருதுநகர்ப் பக்கம் நான் படகு விட்டிருக்கிறேன் என்று சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத சீமையில் படகா என்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் படகைக் கண்மாயில் இறக்கினவளும் நான்தான், கரையேற்றினவளும் நான்தான், அதை இழுத்த ஜீப்பை ஓட்டினவளும் நான்தான். யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கேட்டேன். வரிசையாக எல்லாரிடமும் கேட்டேன். கொடுக்காதவர்களோடு சண்டை போட்டேன்.

அப்போது ஐம்பதுகளின் கடைசி. சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. வயது இருபத்து நான்கு. கலியாணம் ஆகவில்லை, அதற்காக என்னைத் தவிர ஊரே கவலைப்பட்டது. பள்ளிக்கூடம் கண்மாய்க்கு இந்தப் பக்கம், பிள்ளைகளில் பாதிப் பேர் கண்மாய்க்கு அந்தப் பக்கம். வருஷத்தில் முக்கால்வாசி கண்மாய் வறண்டு கிடக்கும். அதன் நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே வந்து விடுவார்கள். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகினால் பாதை தண்ணீருக்குள் போய்விடும். சுற்றி வர ஏழெட்டு மைல், அத்தனையும் முழங்கால் அளவு கரிசல் சகதி. பெரிய ஆட்களே அந்த வழியில் வரமாட்டார்கள்.

பிள்ளைகள் ஒரு மாதம் வீட்டில் இருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பக்கத்துச் சாலையில் தினமும் காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வரும். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மழைக்காலத்தில் மருந்து காய்வதுதான் கஷ்டம், மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற வேலை கூரைக்குள் நடந்துகொண்டே இருக்கும். அதற்குச் சின்ன விரல்கள் தோது. ‘சும்மா இருக்கிற நேரத்துக்குப் போய்ட்டு வரட்டும்’ என்று வண்டியில் ஏற்றி விடுவார்கள். தண்ணீர் வற்றும், பாதை தெரியும், பிள்ளை மட்டும் திரும்பி வராது. தை மாதம் வருகைப் பதிவேட்டை எடுத்து, வராத பெயர்களைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டியது என் வேலை. முதல் வருஷம் ஆறு பெயர் அடித்தேன். ஆறாவது பெயரில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. அடுத்த தைக்கு ஒரு பெயரையும் அடிக்கமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். தலைமையாசிரியர் காதில் விழாதது மாதிரி இருந்தார்.

கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வந்து சேர்ந்த முதல் பெண் அந்த வருஷம் என் வகுப்பில் இருந்தாள். கணக்கில் என்னையே திருத்துவாள். பங்குனியில் சர்க்கார் பரீட்சை. அவளுடைய அப்பா கூலிக்குப் போகிறவர், நல்ல மனிதர், பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

“நீங்க சொல்றது விளங்காம இல்ல டீச்சர்,” என்றார். “தண்ணி வந்த பெறகு ஏழு நாள் பார்ப்பேன். ஏழாவது நாளு பிள்ளை பள்ளிக்கூடத்துல இருந்தா பள்ளிக்கூடம். இல்லேன்னா ஆபீஸ். பெறகு என்னையக் குத்தம் சொல்லக் கூடாது.”

ஏழு நாள். அதற்குத்தான் படகு.

ஊரில் வண்டி செய்கிற ஆசாரி ஒருவர் இருந்தார். தூத்துக்குடியில் ஒரு தடவை படகைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான் அனுபவம். “சக்கரம் இல்லாத வண்டிதானே டீச்சர், செஞ்சுருவோம்” என்றார். ஊரில் நிலபுலன் அதிகம் உள்ள பெரிய வீட்டில் வெட்டிப் போட்டிருந்த வாகை மரத்தில் செய்தார். சித்திரையில் முடிந்துவிட்டது. பத்துப் பிள்ளைகள் உட்காரலாம். கனம் மட்டும் நெல் ஏற்றிய வண்டியின் கனம்.

செய்து முடித்ததைச் சும்மா வைப்போமா? காய வைத்தோம். எங்கள் ஊரில் நல்ல பொருள் என்றால் காய்ந்த பொருள். மிளகாய் காய வேண்டும், பருத்தி காய வேண்டும், தீக்குச்சி காய வேண்டும், சிவகாசிக்குப் போனால் வெடி மருந்து காய வேண்டும். ஈரம்தான் எங்களுக்கு எதிரி. ஆகவே வைகாசியிலிருந்து புரட்டாசி வரை படகை வெயிலில் போட்டுக் காய வைத்தோம். பத்து நாளைக்கு ஒரு தடவை புரட்டி வேறு போட்டோம். தட்டினால் கணீரென்று சத்தம் கேட்டது. ஆசாரிக்கும் எனக்கும் அதில் ஒரே பெருமை.

அடுத்த தடங்கல் மீன் குத்தகைக்காரர். கண்மாய் மீனை அவர்தான் குத்தகைக்கு எடுத்திருந்தார். “பள்ளிக்கூடத்துக்குப் படகு விட்டுக்கோங்க. ஆனா சாயங்காலம் ஆனா படகு கரைக்கு மேல ஏறிறணும். தண்ணிக்குள்ள நின்னா எவனாவது எடுத்துட்டுப் போய் மீனை அள்ளிருவான்” என்றார். அந்தக் கனத்தைத் தினமும் இறக்கி ஏற்றுவது நடக்கிற காரியமா? கண்மாய் ஓரத்துக் கரிசலில் மாடு இறங்கினால் வயிறு வரை புதையும். முடியாது என்று தெரிந்துதான் அந்த நிபந்தனை போட்டார். மாட்டை விட்டால் இழுக்க வேறு என்ன உண்டு என்று தேடினேன்.

பெரிய வீட்டில் ஒரு ஜீப் நின்றது. யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்டது. நாலு சக்கரமும் இழுக்கிற ஜாதி. அந்த வீட்டு முதலாளி அதில்தான் கரிசல் காடு முழுக்கச் சுற்றியிருக்கிறார். அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டிரைவர் கிடையாது. ஜீப் மாட்டுத் தொழுவத்தில் கோழி அடைக்க உதவிக்கொண்டிருந்தது. நான் போய் அவருடைய மனைவியிடம் கேட்டேன்.

“வாங்க டீச்சர், உக்காருங்க. ஓட்டத் தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியாதும்மா. பழகிக்கிடுறேன்.”

“யாரு பழக்கி விடுவாக?”

 அவர் தொழுவத்துப் பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து, “கோழியை வெரட்டுங்க” என்றார். “அவுக ஓட்டும்போது ஏழு வருஷம் பக்கத்துல உக்காந்துருக்கேன். எந்தக் கம்பியை எப்ப இழுப்பாகன்னு எனக்குத் தெரியும்.”

வறண்ட கண்மாய்க்குள் மோதுவதற்கு எதுவும் கிடையாது. அங்கேதான் பழகினேன். அவர் வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, “இப்ப பெரிய கம்பியை முன்னால தள்ளுங்க. இன்னும். இங்கன சத்தம் மாறும், அப்ப விடுங்க” என்று சொல்லிக்கொண்டே வருவார். பெரிய கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கம்பிகள். ஒன்று முன் சக்கரங்களைச் சேர்க்கும். மற்றது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். “சகதின்னா ரெண்டையும் போட்ருவாக. போட்டுட்டுப் பீடி பத்த வைப்பாக” என்றார். எட்டாவது நாள் நான் கண்மாய்க் கரை மேல் ஓட்டினேன். ஊரே வேடிக்கை பார்த்தது. தாலியறுத்தவளும் கலியாணம் ஆகாதவளும் ஊர்வலம் போகிறார்கள் என்று ஒருவர் சொன்னாராம். அவர் எங்களுக்குக் கேட்கிற தூரத்தில் நின்று சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை அடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பாதை முங்கிப் போனது. வியாழனன்று படகை இறக்கினோம். ஒரு பழைய வண்டி அச்சில் இரண்டு மாட்டுவண்டிச் சக்கரத்தை மாட்டி, அதன்மேல் படகைக் கட்டி, அச்சை ஜீப்பின் கொக்கியில் பூட்டியிருந்தார் ஆசாரி. இரண்டு சின்னக் கம்பிகளையும் போட்டு ஜீப்பைப் பின்பக்கமாகவே தண்ணீருக்குள் ஓட்டிப் போனேன். ஜீப்பின் பின் சக்கரம் பாதி முங்கியதும் ஆசாரி நிறுத்தச் சொன்னார். கயிற்றை அவிழ்த்ததும் படகு மிதந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டி முடிப்பதற்குள் பலகை இடுக்குகள் எல்லாவற்றிலும் தண்ணீர் பொங்கி, படகு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

பிறகு எழுந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. குத்தகைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் நிறைந்த படகை அச்சோடு சேர்த்து ஜீப்பால் இழுத்தேன். நாலு சக்கரமும் சேற்றை வாரித் தலையில் அடித்தன. கரைக்கு வந்ததும் இறங்கி அழுதேன். அழுததைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஆசாரி மாட்டுவண்டிச் சக்கரத்தின் மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சக்கரங்கள் இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் ஓர் ஆட்டம் இல்லாமல் கல் மாதிரி நின்றன.

“இது மட்டும் எப்பிடி இம்புட்டு இறுக்கமா இருக்கு?” என்றேன்.

“நேத்தே தண்ணிக்குள்ள போட்டு ஊற வச்சுட்டேன் டீச்சர். காஞ்ச சக்கரம்னா இரும்புப் பட்டை கழண்டு ஓடிரும்ல. ஊறினாத்தான் மரம் உப்பி இறு…”

பாதியில் நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் படகைப் பார்த்தோம். வெயிலில் ஐந்து மாதம் புரட்டிப் புரட்டிக் காய வைத்த படகு.

“கூறு கெட்ட பயலா இருந்துருக்கேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார். நானும்தான் இருந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் வேறு நடத்திக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே படகை மறுபடி கண்மாய்க்குள் இறக்கி, கல்லை ஏற்றி வேண்டுமென்றே முக்கினோம். திங்கள் காலை வரை கிடக்க வேண்டும். திங்கள்தான் ஏழாவது நாள். மறுநாள் குத்தகைக்காரர் ஓடி வந்தார்.

“தண்ணிக்குள்ள படகு கெடக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“முங்கின படகுல ஏறி எந்த மீனைப் பிடிக்கப் போறாக?” என்றேன்.

“பேச்சு பேச்சா இருக்கணும் டீச்சர். மாட்டைக் கொண்டாந்து இழுத்துப் போட்ருவேன்.”

பெரிய வீட்டம்மா விஷயம் கேட்டு வந்தார். என்னிடம் ஜீப்பைக் கொண்டுவரச் சொல்லி, மாடு இறங்கும் பாதைக்குக் குறுக்கே நிறுத்தச் சொன்னார். வெற்றிலைச் செல்லத்தோடு அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார். “மாட்டைக் கொண்டாரச் சொல்லுங்க. நான் இங்கனதான் இருக்கேன்” என்றார். மூன்று பகலும் இருந்தார். ஆள் மாற்றாமல் இருந்தார். புருஷன் செத்த வீட்டுப் பெண் வெளியே இருக்கலாமா என்று கேட்க வந்த அவருடைய மைத்துனருக்கும் ஒரு வெற்றிலையைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். மாடு வரவில்லை.

திங்கள் காலை தூறல். கல்லை இறக்கித் தண்ணீரை இறைத்ததும் படகு எழுந்தது. இடுக்குகள் மூடிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு இடத்தில் கசிவு, அவ்வளவுதான். அச்சில் ஏற்றிக் கரைக்கு இழுத்து, ஆசாரி அந்த இடங்களில் தாரைப் பூசினார். மறுபடி இறக்கும்போது அவசரத்தில் ஜீப்பை அதிகமாகப் பின்னால் விட்டுவிட்டேன். பின் சக்கரம் முழுக்கப் புதைந்தது. அதே நேரம் எதிர்க்கரையில் ஆபீஸ் வண்டியின் ஆர்ன் சத்தம் கேட்டது.

நான் போகாவிட்டால் தாய் தகப்பன் யாரும் படகில் பிள்ளையை ஏற்றமாட்டார்கள். ஜீப்பை விட்டால் அது இன்னும் புதையும். ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன். பெரிய வீட்டம்மா தண்ணீரில் இறங்கி நடந்து வந்து என்னைத் தள்ளினார்.

“நீங்க போங்க. எறங்குங்கன்றேன்ல.”

“அம்மா, நீங்க ஓட்டினதே இல்லையே!”

“ஏழு வருஷம் சும்மா உக்காந்துருந்தேன்னு நெனச்சீகளோ?”

படகில் நின்று திரும்பிப் பார்த்தேன். இரண்டு சின்னக் கம்பிகளையும் போட்டார். ஜீப் ஒரு தடவை முனகியது, இரண்டு தடவை குலுங்கியது, பிறகு கரிசலைப் பிய்த்துக்கொண்டு மேலே ஏறியது. ஆசாரி கம்பை ஊன்றித் தள்ளினார்.

எதிர்க்கரையில் அந்தப் பெண் ஏற்கெனவே வண்டிக்குள் இருந்தாள். மடியில் தூக்குச்சட்டி. அவளுடைய அப்பா வண்டிப் பக்கத்தில் நின்றார்.

“பொழுது ஏறிருச்சே டீச்சர்,” என்றார்.

“ஏழாவது நாளு இன்னும் முடியலைல்ல?”

வண்டிக்காரர், “ஏறின பிள்ளைய எறக்க மாட்டோம். ஆளு கணக்குச் சொல்லணும்” என்றார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் படகைப் பார்த்தாள்.

“ஒழுகுமா டீச்சர்?”

“கொஞ்சம் ஒழுகும்.”

அவள் குதித்து இறங்கி, தூக்குச்சட்டியை அப்பாவிடம் நீட்டினாள். ஆபீசுக்கென்று அம்மா ஊற்றிக் கொடுத்த கம்பங்கூழ். அவர் அதை வாங்கி, நின்ற நின்றபடியே கடைசி மடக்கு வரை குடித்தார். கண்மாய்த் தண்ணீரில் கழுவினார். வெறும் சட்டியை அவள் கையில் திரும்பக் கொடுத்தார்.

“கொண்டு போ தாயி. தண்ணி எறைக்க ஆகும்.”

பிறகு வண்டிக்காரரிடம், “சும்மா ஆர்ன் அடிக்காதீக” என்றார். இன்னும் நான்கு பிள்ளைகள் வண்டியிலிருந்து இறங்கினார்கள்.

அன்று சாயங்காலம் குத்தகைக்காரர் கரையில் நின்று பார்க்க, படகைத் தண்ணீரை விட்டு ஏற்றினேன். மறுநாள் இறக்கினேன். மார்கழி முடிய ஒரு நாள் தவறாமல் இறக்கி ஏற்றினேன். கரையேறிய படகின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, தண்ணீர் தெளித்து வைப்பது ஆசாரியின் வேலை. பெரிய வீட்டம்மா அடுத்த ஆடிக்கு இருக்கன்குடிக்குத் தானே ஜீப்பை ஓட்டிப் போய் மாரியம்மனைக் கும்பிட்டு வந்தார். ஊர் அதற்கும் நாலு வார்த்தை பேசியது.

தை மாதம் தலைமையாசிரியர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “அடிக்க வேண்டிய பேரை இன்னும் அடிக்கலையா?” என்று கேட்டார். நான் சிவப்பு மைப் புட்டியை எடுத்து, மூடியைத் திறந்து அவர் முன்னால் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டும் விழவில்லை. ஒரு வருஷமாகத் தொடாமல் கிடந்து காய்ந்து போயிருந்தது.