ஜாடிக்குள் போட்ட ஓட்டு

1. ஈரம் பார்க்கிற வேலை

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை ஈரம் பார்ப்பது. மண் பிசைகிற பக் மில்லில் அரைபட்டு வருகிற களிமண்ணில் ஒரு பிடி எடுத்துத் தராசில் நிறுக்க வேண்டும். சூளைக்கு மேலே இருக்கும் தகரத் தட்டில் காய வைத்து மறுபடி நிறுக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மண் என்று தெரிந்துவிடும். இதற்கு டிப்ளமா படித்தவன் எதற்கு என்று முதல் வாரம் கடுப்பாக இருந்தது. ஆனால் ஈரம் தப்பினால் நாங்கள் செய்கிற மண் பைப்பு காயும்போதே வெடிக்கும், மேனேஜர் நம்மைக் காய்ச்சுவார். ஆறு வருஷம் தினமும் அதைச் செய்துவிட்டுத்தான் சூளைப் பிரிவுக்கு சூப்பர்வைசர் ஆனேன். பின்னால் வரும் விஷயத்துக்கு இது தேவை என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கம்பெனிக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. இங்கிலீஷில் லெட்டர் எழுதத் தெரியும் என்ற ஒரே தகுதியில் என்னை அதற்கு செக்ரட்டரி ஆக்கினார்கள். எனக்குப் பந்தை உதைக்க வராது. மேட்ச் ஏற்பாடு செய்வது, பஸ் பிடிப்பது, எலுமிச்சம்பழம் வாங்குவது, கையெழுத்துப் போடுவது, இவ்வளவுதான் என் பங்கு.

2. திட்டக்குடியில் குடித்த சோடா

எங்கள் டீமில் இடது ஓரம் ஆடுகிற லெஃப்ட் அவுட் கலியபெருமாள். எல்லோருக்கும் கலியன். வேலையில் அவன் சாகர் தூக்குகிறவன். சூளைக்குள் சாமான்களை வைத்து அடுக்குகிற கனமான மண் பெட்டியைத்தான் சாகர் என்போம். மற்றவர்கள் ஒன்று தூக்கினால் அவன் தலையில் இரண்டு வைத்துக்கொண்டு பாட்டு வேறு பாடுவான். மைதானத்தில் பந்து அவன் இடது காலுக்குப் போனால் பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அப்படி ஒரு ஆட்டக்காரனை அதற்குப் பிறகு நான் நேரில் பார்த்ததில்லை.

அவனோடு குப்பை கொட்டுவதுதான் கஷ்டம். பிராக்டீஸுக்கு வரமாட்டான். ரெஃப்ரியைப் பார்த்து, "கண்ணாடி வூட்லயா இருக்குது?" என்பான். எங்கள் கோல்கீப்பர் தண்டபாணியை ஊர் முன்னால் ஓட்டைக் கூடை என்று சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

திட்டக்குடியில் ஒரு மேட்ச். இரண்டு பக்கமும் ஒரு கோல், முடிய பத்து நிமிஷம் இருக்கிறது. கலியன் திடீரென்று மைதானத்தை விட்டு வெளியே வந்தான். கோட்டோரம் நின்ற சோடா வண்டியில் ஒரு பன்னீர் சோடா வாங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். நான் ஓடினேன்.

"கலியா, என்னடா இது? உள்ள போ!"

"எனக்குப் பந்தே குடுக்க மாட்றானுங்க. பந்து வராத எடத்துல நான் இன்னாத்துக்கு நிக்கணும்? நீங்க போயி நில்லுங்க சார். உங்களுக்கும்தான் பந்து வராது."

சுற்றியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் ஆட்களும்தான். அவன் நிதானமாகக் குடித்து முடித்து, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, உள்ளே போனான். கடைசி நிமிஷத்தில் இடது மூலையிலிருந்து ஒரு அடி. கோல். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னை இடித்துத் தள்ளியபடி ஓடினார்கள். ஜெயித்த டீமின் செக்ரட்டரி நான். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு மட்டும் முகம் சுண்டிக் கிடந்தது.

3. ஆளும் ஆர்டரும்

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார். வெளியூர் சர்க்கரை மில் ஒன்று தங்கள் குவார்ட்டர்ஸுக்கு ட்ரெயினேஜ் பைப்பு கேட்டிருந்தது. பெரிய ஆர்டர்.

"பைப்பு பூரா நம்மகிட்டயே எடுத்துக்கறாங்களாம். கூடவே அந்த லெஃப்ட் அவுட்டைக் கேக்கறாங்க. அங்க பர்மனன்ட் வேலை போட்டுத் தருவாங்க. ரிலீஸ் லெட்டர்ல உங்க கையெழுத்து வேணும்" என்றார்.

"டீம்ல ஒத்துக்க மாட்டாங்க சார்."

"டீம் உங்களுது, நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா ஆர்டர் வரலேன்னா அடுத்த மாசம் ஒரு சூளையை நிறுத்தணும். அதையும் மனசுல வச்சுக்கங்க."

ஒரு சூளை நின்றால் டெம்பரவரி ஆட்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் கேட்டைத் தாண்டுவதற்குள் விஷயம் எதிர்த்த டீக்கடைக்குப் போய்விட்டது. அப்புறம் இரண்டு வாரம் அங்கே வேறு பேச்சே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அவனை விற்றுவிடு என்று முதலில் சொன்னவன் ராமலிங்கம். பைப்பு செக்‌ஷனில் டெம்பரவரி. கலியன் ஆட்டத்தைப் பார்க்க ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் நடந்தே போனவன்.

"அவன் காலு தங்கம்பா, யாரு இல்லன்னா? ஆனா அந்தக் காலு எங்க வூட்டு அடுப்ப எரிக்குமா? நாலு பேரு திங்கணும் எங்க வூட்ல" என்றான்.

அவனை மறித்துப் பேசியது கோல்கீப்பர் தண்டபாணி. "அவன்கிட்ட நான் பேசியே எட்டு மாசம் ஆவுது. அவன் மூஞ்சப் பாத்தாலே எனக்கு ஆவாது. இருந்தாலும் சொல்றேன், பைப்புக்கு ஒரு ஆள மாத்திக் குடுக்கறது சரியில்ல. இன்னிக்கி அவன். நாளைக்கி உன்னையும் கேப்பானுங்க."

"என்னைய எவன் கேக்கப் போறான்? நான் ஒதைச்சா செருப்புதான் பறக்கும்!"

கடையே சிரித்தது. "அவன் போனா டீம் ஒழுங்காவும்" என்றார் ஒருத்தர். "ஆமாமா, ஒழுங்கா தோக்கும்" என்றார் தண்டபாணி.

கலியன் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்றிருக்கிறான்.

"எம்மாம் நாளு பேசுவீங்க? ஓட்டுப் போட்டுடுங்க. இருன்னா இருக்கேன், போன்னா போறேன். மேனேஜரு சொல்லி இல்ல. நீங்க சொல்லணும்."

வழக்கமான கிண்டல் அந்தக் குரலில் இல்லை. டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான்.

4. பச்சையும் சுட்டதும்

பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. பேரைக் குறிக்கவும் வேண்டாம், யார் என்ன போட்டார்கள் என்று மேனேஜர் கண்ணுக்குப் போகக் கூடாது என்றார்கள். தண்டபாணிதான் வழி சொன்னார். ஒயரால் ஒரே அளவாக அறுத்த களிமண் வில்லைகளில் பாதியைக் காய வைத்து அப்படியே விட்டோம். பாதியைச் சூளையில் சுட்டோம். சுடாத பச்சை வில்லை போட்டால் கலியன் இருக்கட்டும். சுட்ட வில்லை போட்டால் போகட்டும்.

சாக்குப் படுதாவுக்குப் பின்னால் இரண்டு கூடை, நடுவில் மூடியோடு ஒரு ஊறுகாய் ஜாடி. நம் கம்பெனி ஜாடிதான். ஷிப்டு மாறும்போது ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். எத்தனை வில்லை அறுத்தோம், எத்தனை பேர் போட்டார்கள் என்று கணக்கு வைக்கவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு எல்லோர் முன்னாலும் எண்ணுவதாகப் பேச்சு. ஆபீஸ் ரூமைப் பூட்டிவிட்டார்கள் என்று நான் ஜாடியைக் கொண்டுபோய் டெஸ்டிங் ஷெட்டில் பெஞ்சு மேலே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த பெஞ்சில் வைக்கிற ஜாடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி வைப்பது அஞ்சலை என்ற அம்மாவின் வேலை. மறுநாள் அடியில் கசிந்திருந்தால் அந்த ஜாடி கழிவு. வருஷக்கணக்கில் செய்கிற வேலை. மூடியைத் தூக்குவார், ஊற்றுவார், மூடுவார், அடுத்ததற்குப் போவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் எதற்குப் பார்க்க வேண்டும்? ஜாடிக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அந்த பெஞ்சில் கொண்டுபோய் வைத்த நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

5. காலை ஏழு மணி

ஏழு மணிக்கு வந்து மூடியைத் திறந்தேன். கழுத்து வரை தண்ணீர்.

சுட்ட மண்ணைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. காய்ந்த பச்சை மண் அப்படியில்லை. போட்ட கொஞ்ச நேரத்தில் பொலபொலவென்று உதிர்ந்து கரைந்துவிடும். கையை விட்டுத் துழாவினேன். சுட்ட வில்லை முப்பத்தெட்டு வந்தது. அதற்குக் கீழே சேறு. கொஞ்சம் என்று சொல்ல முடியாது. மணிக்கட்டு புதைகிற அளவுக்கு இருந்தது.

மறுபடி ஓட்டுப் போடச் சொல்லியிருக்கலாம். அதுகூட வேண்டாம். சேற்றைத் தகரத் தட்டில் ஊற்றிக் காய வைத்து நிறுத்து, ஒரு வில்லையின் எடையால் வகுத்தால் பச்சை எத்தனை என்று வந்துவிடும். அரை நாள் வேலை. அந்தக் கம்பெனியில் இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது.

நான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய் கழிவு மண் தொட்டியில் கொட்டினேன். பக் மில்லுக்குத் திரும்பிப் போகிற மண்ணோடு அதுவும் கலந்துவிட்டது.

ராமலிங்கம் வீட்டு நாலு பேரை நினைத்துத்தான் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் கொஞ்சம் உண்மைதான். ஆனால் கொட்டும்போது என் மனதில் ஓடியது திட்டக்குடி சோடா. இத்தனை வயதுக்கு மேல் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எட்டு மணிக்கு எல்லோரும் கூடினார்கள். நானே எண்ணிவிட்டேன் என்று சுட்ட வில்லைகளைக் காட்டினேன்.

"போகட்டும்னு முப்பத்தெட்டு. இருக்கட்டும்னு பதினொண்ணு."

பதினொன்று எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்தது, சொன்னேன். பச்சை வில்லைகளைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. செக்ரட்டரி பொய் சொல்லுவார் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

"பதினொண்ணுதானா?" என்றார் தண்டபாணி.

கலியன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். ராமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். கலியன் என் பக்கம் திரும்பி, "சரிங்க சார். லெட்டர எழுதிடுங்க" என்றான். அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

கூட்டம் கலைந்தபின் அஞ்சலையம்மா வந்தார். "சார், இந்த ஜாடிக்கு நேத்து தண்ணி ஊத்தி வச்சேனே, யாரு கொட்டினது?"

"நான்தான். அது டெஸ்டுக்கு வச்ச ஜாடி இல்ல, போம்மா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

6. அதற்கப்புறம்

ஆர்டர் வந்தது. சூளை நிற்கவில்லை. அடுத்த வருஷம் ராமலிங்கம் பர்மனன்ட் ஆனான். மேனேஜர் கை கொடுத்தார்.

டீக்கடையில் மட்டும் ஒரு நோய் புகுந்தது. "நான் பச்சதாம்பா போட்டேன்" என்று ஆளுக்கு ஆள் சத்தியம் பண்ணினார்கள். எல்லோரும் பச்சை போட்டால் முப்பத்தெட்டு எப்படி வந்தது என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். பேசிச் சிரித்த இடத்தில் உர்ரென்று உட்கார்ந்து டீ குடித்தார்கள். சத்தியம் செய்தவர்களில் எத்தனை பேர் சொன்னது நிஜம் என்று எனக்கும் தெரியவில்லை.

மில் டீமோடு கலியன் ஒருமுறை விருத்தாசலம் வந்தான். எங்களுக்கு எதிராக இரண்டு கோல் போட்டான். ரெஃப்ரியிடம் வாய் கொடுக்கவில்லை, வெளியே போகவில்லை, சோடா வண்டிப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் ஆட்கள் பக்கமும் திரும்பவில்லை. ஒழுங்கான ஆட்டக்காரனாக ஆகியிருந்தான். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

7. மில் கேட்டில்

எழுபதுகளின் கடைசியில் அந்த மில்லிலிருந்து பைப்பு விரிசல் என்று கம்ப்ளெயின்ட் வந்தது. பார்த்து வர என்னை அனுப்பினார்கள். கேட்டில் வாட்ச்மேன் உடுப்பில் கலியன் இருந்தான். உடம்பு பருத்து, இடது முட்டியில் துணி சுற்றியிருந்தது. என்னை ஸ்டூலில் உட்கார வைத்து டீ வரவழைத்தான். பிள்ளைகளை விசாரித்தான். எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவன் அசையவில்லை. "தெரியுங்க சார். தண்ணி ஊத்துன சங்கதிய அஞ்சலக்கா என் கல்யாணத்துக்கு வந்தப்பவே சொல்லிடுச்சு. தண்ணில கரைஞ்ச பச்சைய எப்படி எண்ணுவீங்க? பதினொண்ணுங்கறது பொய்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டு இன்னா ஆவப்போவுது? லெட்டரு குடுத்தாச்சு, வந்தாச்சு." கிளாஸைக் கீழே வைத்தான். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். சேறு எவ்ளோ இருந்துது?"

மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினேன். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது முப்பத்தெட்டு வில்லைக்கு மேல வருமா?"

"தெரியலப்பா. நான் நிறுத்துப் பாக்கல."

"நீங்களா?" என்றான். "நீங்களா சார் நிறுக்கல?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான். வெளியே கரும்பு லாரி ஹாரன் அடித்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து கேட்டைத் திறக்கப் போனான்.

என்னிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஈரம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். தட்டில் இருப்பது உங்களுக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும் நிறுக்காமல் கொட்டாதீர்கள் என்று சொல்வேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நம் ஆட்கள் தன்னை இரு என்றார்களா, போ என்றார்களா என்று ஒருவனுக்கு இன்றுவரை தெரியாது. என்னிடம் தராசும் இருந்தது, தட்டும் இருந்தது. அரை நாள் காத்திருந்தால் தெரிந்திருக்கும்.