மட்டக்களப்பு வரை இறங்காமல்

இன்று காலை கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை, சைக்கிளை விட்டு இறங்காமல் போவதென்று புறப்பட்டேன்.

என்னைப் பெற்ற வாப்பா நாற்பது வயதில் நெஞ்சு வலித்து மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தவர். எனக்கு இந்த மாதம் நாற்பது. என் நெஞ்சு தாங்குமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கல்லாற்றுப் பாலத்தில் கண் இருட்டியது. சைக்கிளைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்தார். "என்ன தம்பி, ஆரும் துரத்துறாங்களா?"

"இல்லண்ணன். நெஞ்சு நல்லாரிக்கா எண்டு பாக்கத்தான் சைக்கிள் ஓடினன்."

"நல்லாரிக்கிற நெஞ்சையும் இப்பிடி ஓடிக் கெடுக்கப் போறீங்களே!"

தண்ணீர் தந்தார். படபடப்பு அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்து, கல்முனை பஸ் வந்ததும் சைக்கிளை அதன் மேல் ஏற்றியும் விட்டார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு, "நாளைக்கு டொக்டர்ட்ட காட்டுங்க. அதுக்கு ஏன் மட்டக்களப்புக்கு ஓடணும்?" என்றாள்.

"ஓம்" என்றுவிட்டேன்.

ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே போகத்தான் எனக்குத் துணிவில்லை. நாற்பதைத் தாண்டிய நண்பர்களே, உங்களை அங்கே யார் இழுத்துக்கொண்டு போனார்கள்? ஒரு தபாலட்டை போடுங்கள்.