மூன்று நட்சத்திரமும் ஆறிய களியும்

எங்கள் சுரங்கத்து ஷாப்ட் கோபுரத்தில் இன்று மின்விளக்கு எரிகிறது. கூலி லைனில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். எனக்கு ரோசம்மா அக்கா ஞாபகம்தான் வந்து தொலைக்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பக்கத்துக் குடிசை அக்காவுக்குப் பதினேழு, புதிதாகக் கல்யாணமானவள். அவள் புருஷனுக்கு நடுராத்திரி வரை ஷிப்ட் என்றால், துணைக்கு நானும் அவளோடு பாறைமேல் வானம் பார்த்துப் படுத்திருப்பேன். எங்களிடம் கடிகாரம் ஏது? வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரம் கோபுரத்துக்கு நேர்மேலே வந்ததும் அக்கா எழுந்து களி கிண்டுவாள். இறக்கி வைக்கும்போது மனிதர் சுரங்க மெழுகுவத்தி நாற்றத்தோடு வந்து நிற்பார்.

பிறகு அவருக்குப் பகல் ஷிப்ட். ஒரு மாதம் கழித்து மறுபடி ராத்திரி. நட்சத்திரங்கள் கோபுரத்துக்கு வந்தன. களி ஆறிப்போனது. ஆள் வரவில்லை.

"உள்ள பாறை வுழுந்துடுச்சுடி!" அக்கா என்னை இழுத்துக்கொண்டு ஷாப்டுக்கு ஓடினாள்.

"ஷிப்ட் முடிய இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குதும்மா" என்றார் காவல்காரர். அவள் நம்பவில்லை. ஆள் ஏற்றும் கேஜ் மேலே வந்த ஒவ்வொரு தடவையும் என் கையை நசுக்கினாள். நாள் போகப் போக நட்சத்திரங்கள் சீக்கிரமே வந்துவிடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

கடைசியில் அவர் ஏறி வந்தார். "இன்னாடி, இங்க வந்து நிக்கிற?"

அக்கா என் கையை விட்டாள். அதன்பின் ஒருநாளும் அவள் வானத்தைப் பார்க்கவில்லை.

இப்போது என் புருஷன் கீழே இருக்கிறார். ஷிப்ட் முடிந்தால் சங்கு ஊதும், தெரியும். இருந்தும் இந்த விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்த மூன்று புளுகிணிகளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.